அஞ்சலைக்கு அளவு எடுத்தேன்: நாவல் மனிதர்களோடு அன்றாடம் குடித்தனம் நடத்துவது எப்படி

அஞ்சலைக்கு மார்பு 32, இடுப்பு 27, ரவிக்கை உயரம் 14, கை நீளம் 9. வலது தோள் இடது தோளைவிட அரை அங்குலம் இறங்கியிருக்கும். இந்தக் கணக்கெல்லாம் என் கடை அளவு நோட்டில், வாடிக்கைக்காரப் பெண்களின் பெயர்களுக்கு நடுவே எழுதியிருக்கிறது. அஞ்சலை என் கடைக்கு ஒருநாளும் வந்ததில்லை. மலாயாவின் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். 1943இல் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் புருஷனைப் பறிகொடுத்தவள். ஏழு வருஷமாக நான் எழுதிய நாவலில் மட்டும் இருப்பவள்.

பினாங்கில், குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்குச் சின்னத் தையற்கடை. வீடு அக்கரையில், பட்டர்வொர்த்தில். காலையில் ஃபெர்ரி ஏறி வந்து மாலையில் ஃபெர்ரி ஏறிப் போகிறேன். தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற நாளிலும் நாவலுக்கென்று கிடைப்பது ராத்திரி ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தில் அஞ்சலையைப் புதிதாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசவைக்க முடியாது. பகல் முழுக்க அவள் என்னோடு இருந்தால்தான் ராத்திரி ஒரு பக்கமாவது நகரும்.

எழுதத் தொடங்கியிருக்கும் தங்கைகள் இரண்டு பேர் போன மாதம் கடைக்கு வந்தார்கள். "அக்கா, வேலையெல்லாம் முடிச்சிட்டு உட்கார்ந்தா, என் கதையில வர்ற ஆளு வரவே மாட்டேங்குது" என்றாள் ஒருத்தி. "எனக்கு நேர்மாறு அக்கா. சமைக்கும்போது வருது, குளிக்கும்போது வருது, மேசைக்குப் போனா மட்டும் காணோம்" என்றாள் இன்னொருத்தி. அன்றைக்குக் கடையில் கூட்டம், சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே சிக்கல். பாத்திரம் எப்போது வரலாம், வந்தால் என்ன கேட்பது, சொன்னதை எங்கே வைப்பது, எப்போது கதவைச் சாத்துவது என்று ஒரு நடைமுறை வேண்டும். பக்கத்து வீட்டோடு பழகவே ஒரு முறை இருக்கும்போது, தலைக்குள் குடியிருப்பவளோடு பழக வேண்டாமா?

முதலில் அளவு எடுங்கள்

முதல் இரண்டு வருஷம் அஞ்சலை எனக்குப் பிடிபடவே இல்லை. நல்லவள், பாவப்பட்டவள், தைரியசாலி என்று பக்கம் பக்கமாகக் குணம் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டை மூடினால் அவளும் மறைந்துவிடுவாள். குணத்தை எழுதி வைத்தால் ஆள் நம்மோடு பஸ் ஏறி வரமாட்டாள். உடம்பு வேண்டும்.

தோட்டத்தில் வேலை செய்து, பிற்பாடு பட்டணத்துக்குப் பிள்ளைகளோடு வந்துவிட்ட வயதான அம்மாமார் சிலர் என்னிடம் துணி தைத்திருக்கிறார்கள். டேப் போட்டு அளக்கும்போது அவர்களில் சிலருக்கு ஒரு தோள் இறங்கியிருப்பதைக் கவனித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பை ஒரே தோளில் வருஷக்கணக்காகச் சுமந்த உடம்பு. அந்தத் தோளை அஞ்சலைக்குக் கொடுத்தேன். அப்புறம் கடையில் துணி போட்டு வைக்கும் பொம்மை இருக்கிறதே, அதன் இடது தோளில் ஒரு துண்டுத் துணியை மடித்து வைத்து, வலது தோள் அரை அங்குலம் தாழ்வாகத் தெரியும்படி செய்தேன். வெள்ளைப் பாப்ளினில் இரண்டு தோளும் சமமாக வெட்டிய ஒரு ரவிக்கை தைத்து அதற்கு மாட்டினேன். ஏனென்றால் அந்தக் காலத்தில் அவளுக்குக் கிடைத்த ரவிக்கைக்கு அவள் தோள் தெரிந்திருக்காது.

மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். வலது அக்குளுக்கு மேலே துணி சுருங்கி மடிந்தது. இடது பக்கம் கீழ் விளிம்பு மேலே தூக்கிக்கொண்டது. உடனே புரிந்தது, இவள் பேசும்போதெல்லாம் இடது கையால் ரவிக்கை விளிம்பைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பாள். தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியின் முன்னால் நிற்கும்போது இழுப்பாள். பிள்ளையைத் திட்டும்போது இழுப்பாள். சயாமுக்கு அனுப்பும் பட்டியலில் புருஷன் பெயர் வாசிக்கப்பட்டபோது மட்டும் கை அப்படியே நின்றுவிடும். அன்றைக்கு ராத்திரி மூன்று பக்கம் எழுதினேன். மறுநாள் காலை ஃபெர்ரியில் அவள் எனக்கு முன்னால் நின்றாள். இடது கை விளிம்பில் இருந்தது.

நீங்கள் தையல்காரராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் தொழில் எதுவோ அதைக் கொண்டு அளவெடுங்கள். கிளினிக்கில் வேலை என்றால் அவருக்கு என்ன மாத்திரை, எதை வேளைக்குச் சாப்பிட மறப்பார் என்று கார்டு போடுங்கள். பள்ளிக்கூட ஆசிரியை என்றால் அவருடைய பத்து வயதுக் கையெழுத்தை எழுதிப் பாருங்கள். நாம் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலையின் வழியாகப் பாத்திரம் உள்ளே வந்தால், அந்த வேலையைச் செய்யும்போதெல்லாம் தானாக வரும்.

உடம்புக்கு அடுத்து, அவள் கையில் இப்போது எவ்வளவு காசு இருக்கிறது என்று தெரிய வேண்டும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் இது மாறும். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் அஞ்சலையின் முந்தானையில் வாழைமரப் படம் போட்ட பத்து வெள்ளி நோட்டுகள். 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பியதும் அவை வெறும் காகிதம். அதற்கப்புறமும் ஒரு நோட்டை அவள் அவிழ்க்காமல் முடிந்தே வைத்திருந்தாள். ஏன் என்று நாவலில் நான் எங்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

மூன்றாவது அளவு நம் தமிழில் ரொம்ப முக்கியமானது: யார் அவளை எப்படிக் கூப்பிடுகிறார்கள், அவள் யாரை எப்படிக் கூப்பிடுகிறாள். ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். கொழுந்தனுக்கு அண்ணி. தோட்டத்து வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம், பக்கத்து லயத்துக் கிழவிக்கு "ஏம்புள்ள". கிராணிக்கு வெறும் "ஏய்". அவள் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், "இந்தாங்க" என்பாள். கிராணியை "கிராணியய்யா" என்பாள். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மனசுக்குள் ஆட்களைச் சந்திக்கவிட்டால் போதும். யாராவது ஒருத்தர் கூப்பிடும் முறை மாறும் இடத்தில் கதை இருக்கும். அரிசிப் பங்கீட்டு வரிசையில் ஒருநாள் அஞ்சலை "கிராணி" என்று மட்டும் சொன்னாள். "யய்யா"வை விட்டுவிட்டாள். வெல்ட் கீ படகுத்துறையில் இறங்கி நடக்கும்போது எனக்கு அது கேட்டது. 11 அத்தியாயம் அந்த ஒரு சொல்லை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஓரமாக நின்று பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

எந்த வேலையில் வரவிடுவது, எதில் கூடாது

கைக்கு வேலை, புத்திக்கு ஓய்வு. அதுதான் அவர்கள் வரும் நேரம். எனக்குக் கொக்கி கட்டும் நேரம், ஓரம் மடித்துக் கைத்தையல் போடும் நேரம், காஜா எடுக்கும் நேரம். பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, மரவள்ளிக்கிழங்கு தோல் சீவுவது எல்லாம் இதே வகை. தினமும் இதில் ஒன்றை அவளுக்கென்று ஒதுக்குங்கள். மணியும் மாறாமல் இருக்கட்டும். நான் சாயங்காலம் நாலு மணிக்குக் கொக்கி கட்ட உட்காருவேன். முதல் ஒரு மாதம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் அவள் நாலு மணிக்கே வர ஆரம்பித்தாள். கோயில் மணி அடித்தால் புறா இறங்குவதுபோல, பழக்கம்தான்.

வெட்டும் நேரத்தில் கூடாது. இதை நான் நஷ்டப்பட்டுக் கற்றேன். ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா கொடுத்த பட்டு ரவிக்கைத் துணி. சேலையோடு சேர்ந்து வந்த துண்டு, வேறு துணி கிடையாது. கையை வெட்டும்போது அஞ்சலையும் கொழுந்தனும் எனக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை நன்றாக இருந்தது. கேட்டுக்கொண்டே வெட்டினேன். ஒரு கையை வெட்டி, துணியைத் திருப்பிப் போடாமல் அடுத்த கையையும் வெட்டிவிட்டேன். கையின் முன் வளைவும் பின் வளைவும் வேறுவேறு. ஒன்று வலதென்றால் மற்றது இடதாக வரவேண்டும். என் மேசையில் இரண்டு வலது கைகள் கிடந்தன. அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அதே நிறத்துப் பட்டு தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன், கூலியும் வாங்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அன்றிலிருந்து கத்தரிக்கோல் கையில் இருந்தால் கதவு சாத்திவிடும். சாத்துவது எப்படி என்றால், விரட்டக் கூடாது. விரட்டினால் ஜன்னல் வழியாக வருவார்கள். நேரம் சொல்லி அனுப்ப வேண்டும். "இப்ப இல்ல, நாலு மணிக்கு வா" என்று வாய்விட்டே சொல்வேன். நாலு மணிக்கு அவளுக்கு உண்மையிலேயே இடம் கொடுக்கிறேன் என்பதால் போய்விடுகிறாள். இரண்டு நாள் வாக்குத் தவறினால் மூன்றாம் நாள் கேட்கமாட்டாள். வண்டி ஓட்டுவது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருப்பது, பிள்ளைக்கு மருந்து அளந்து கொடுப்பது, பணம் எண்ணுவது, இவற்றையெல்லாம் வெட்டும் நேரத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன கேட்பது

"அடுத்து என்ன செய்யப்போற?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்களுக்குத் தெரியாது. நமக்கே நாளை என்ன செய்வோம் என்று தெரியாதபோது அவர்களை மட்டும் கேட்டால் எப்படி? இந்தக் கேள்வியைக் கேட்டதும் பாத்திரம் விறைத்துக்கொண்டு, எழுதுகிறவருக்குப் பிடித்த மாதிரி ஏதாவது வீரவசனம் பேசும்.

சின்னக் கேள்வி கேளுங்கள், கண்ணெதிரே இருக்கும் பொருளை வைத்துக் கேளுங்கள். சௌராஸ்தா மார்க்கெட்டில் நெத்திலிக் குவியல் முன்னால் நின்று, "இதுல எது எடுப்ப?" என்று கேட்டேன். அஞ்சலை விலைச்சீட்டைப் பார்க்கவில்லை. ஒன்றை எடுத்து ஒடித்து மோந்து பார்த்தாள். நல்லதாக இருந்தும் வைத்துவிட்டு, உடைந்த தூள் கிடந்த மூலைக்குப் போனாள். ஒருநாள் மகள் மரவள்ளிக்கிழங்குப் பலகாரம் வாங்கி வந்தாள், மேலே தேங்காய்ப்பூ தூவியது. எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாயில் வைத்ததும் அஞ்சலை எழுந்து போய்விட்டாள். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் வருஷக்கணக்காகக் கிழங்கையே தின்றவர்கள் பிற்பாடு அதைத் தொடமாட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு சரி. அன்றைக்குத்தான் அது அவள் வயிற்றில் இருப்பது தெரிந்தது.

ஃபெர்ரியில் கேட்டதைச் சொல்கிறேன். முன்பு பெரிய திறந்த ஃபெர்ரி ஓடிய காலம், கடல் காற்று முகத்தில் அடிக்கும். 2023 ஆகஸ்டிலிருந்து புதுப் படகுகள், உள்ளே ஏசி. எனக்கும் அவளுக்கும் அந்தப் பழைய ஃபெர்ரிதான் தோது. கடலையே பார்த்திராத அவளை முதல்முறை அதில் ஏற்றி, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அழகு, பயம், பெருசு என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது: "இத்தன தண்ணிய யாரு நிறுக்கிறது?"

தினமும் வெட்டின பாலை நிறுத்து, தண்ணி கலந்திருக்கிறாய் என்று எடையைக் குறைத்துக் கணக்கு எழுதும் இடத்தில் வளர்ந்தவள் வேறென்ன கேட்பாள்? ஒரு மாதம் உட்கார்ந்து யோசித்தாலும் அந்த வரி எனக்கு வந்திருக்காது. இப்படி ஒரு வரி வந்தால் அதற்கு மேல் கேட்காதீர்கள். அன்றைக்கு அவள் வேலை முடிந்தது.

நோட்டு

தேதி, இடம், அவள் சொன்ன சொல். அவ்வளவுதான் எழுத வேண்டும். விளக்கம் வேண்டாம், "இதை 7ஆம் அத்தியாயத்தில் வைக்கலாம்" என்ற திட்டமும் வேண்டாம். அவள் பேச்சு அப்படியே இருக்கட்டும். "நிறுக்கிறது" என்றால் "நிறுக்கிறது"தான், "எடைபோடுவது" என்று திருத்தாதீர்கள். எழுத இடமில்லை என்றால் போனில் உங்களுக்கே ஒரு குரல் செய்தி அனுப்புங்கள். நான் பில் புத்தகத்தின் கார்பன் தாளுக்குப் பின்னால்கூட எழுதியிருக்கிறேன். ராத்திரி உட்காரும்போது பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். வெற்றுத் தாளைப் பார்த்து உட்காரும் தங்கைக்கு நான் சொல்லும் பதில் இதுவே. வெறுங்கையோடு மேசைக்குப் போகாதே, பகலில் கேட்ட ஒரு வரியை எடுத்துக்கொண்டு போ.

அடம்பிடித்தால்

எனக்கு ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது இந்தப் பகுதிதான்.

1943இல் ஒரு காட்சி. தோட்டத்து ஆபீஸ் கடிகாரத்தில் ஏழு மணி. வெயில் ஏறிவிட்டது. அரிசி வாங்க அஞ்சலை லயத்திலிருந்து புறப்படுகிறாள். இதை எட்டு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் அவள் வாசற்படியில் நின்றுவிடுவாள். கால் எடுத்து வைக்கமாட்டாள். ஃபெர்ரியில் கேட்டேன், கொக்கி கட்டும்போது கேட்டேன். வாயே திறக்கவில்லை. சரி, இவளுக்குப் பயம், அதை எழுதலாம் என்று பயத்தை எழுதினேன். அதுவும் பொய்யாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு பெரியவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஜப்பான்காரன் வந்தவுடனே மணியையே மாத்திட்டான்ல." அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் மலாயாவின் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பினார்கள், ஒன்றரை மணி நேரம் முன்னால். 1982இல் மலேசியா அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்த இன்றைய கணக்கிலேயே நம் பக்கம் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழும்புகிறது. டோக்கியோ நேரத்தில் எட்டு மணிக்கு மேல் ஆகிவிடும். அப்படியென்றால் ஆபீஸ் கடிகாரத்தில் ஏழு மணிக்குக் கும்மிருட்டு. கையில் விளக்கு இல்லாமல், சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் எப்படிப் படி இறங்குவாள்? நான் வெயிலை எழுதிவிட்டு அவளை இருட்டில் இறக்கப் பார்த்திருக்கிறேன். விளக்கைக் கையில் கொடுத்தேன். இறங்கிப் போய்விட்டாள்.

அவளுக்குக் கடிகாரக் கணக்கு தெரிந்திருந்தது என்று நான் சொல்லவரவில்லை. பாட்டி சின்ன வயதில் சொன்ன கதைகளில் இருட்டில் வரிசை நின்றது எப்போதோ என் காதில் விழுந்திருக்கும். எனக்குள் இருந்தும் எனக்கே எட்டாத விஷயம் அவள் காலில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு ரவிக்கை அக்குளில் பிடித்து இழுத்தால் உடம்பின் மேல் குறை சொல்லமாட்டோம், எங்கோ வெட்டு தப்பு என்று பிரித்துப் பார்ப்போம். பாத்திரம் அடம்பிடித்தாலும் அப்படித்தான். அவளைச் சமாதானப்படுத்தி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வருஷம், மணி, தூரம், வயது, காசு, கூப்பிடும் முறை, இந்த வரிசையில் சரிபாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் இதிலேயே அகப்பட்டுவிடும். எல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால் அந்தக் காட்சியே அவளுடையது இல்லை. எடுத்து வைத்துவிடுங்கள்.

இது எல்லாருக்கும் நடப்பதுதானா

மகள்தான் தேடிப் படித்துச் சொன்னாள். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் மார்ஜரி டெய்லர் என்பவரும் கூட இருந்தவர்களும் 50 கதாசிரியர்களிடம் விசாரித்து 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். அதில் 46 பேர், தங்கள் பாத்திரங்கள் தாமாகவே பேசுவது, முடிவெடுப்பது போன்ற ஏதோ ஓர் அனுபவம் உண்டு என்றார்களாம். 2020இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில் 181 எழுத்தாளர்கள். 63 சதவீதம் பேர் பாத்திரங்களின் குரலைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவ்வளவு தூரத்தில் யாரோ ஒருத்தர் நாலு மணிக்கு ஒருத்தியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார். குரல் கேட்காதவர்களும் நல்ல நாவல் எழுதுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு முகம் தெரியும், சிலருக்கு வெறும் நடை தெரியும்.

ஆனால் ஒன்று. நான் நாலு மணிக்கு வா என்றால் போகிறவள்தான் பாத்திரம். போகச் சொன்னாலும் போகாமல், தூக்கத்தைக் கெடுத்து, உங்களுக்கோ மற்றவருக்கோ தீங்கு செய்யச் சொல்லும் குரல் என்றால் அது எழுத்துச் சமாச்சாரம் இல்லை. தயங்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

பிடிக்காத ஆளும் வருவார்

கிராணியை நான் உள்ளே விடவே இல்லை. பட்டியலில் பெயர் எழுதி ஆட்களை ரயில் பாதைக்கு அனுப்பினவன். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர், நம் தோட்டத்து ஆட்கள் பல்லாயிரம் பேர் அங்கே மடிந்தார்கள். அவனோடு எதற்கு ஃபெர்ரியில் போக வேண்டும்? அதனால் அவன் வரும் பக்கமெல்லாம் அட்டையில் வெட்டின உருவமாக இருந்தது. கடைசியில் அவனுக்கும் அளவெடுத்தேன். கழுத்து பதினாலரை, சட்டைப்பையில் மைப்பேனா, பையின் அடியில் ஒரு நீலக்கறை. அந்தக் கறையைத் துவைத்துத் துவைத்துப் பார்க்கும் தங்கை ஒருத்தி வந்தாள். அப்புறம் அவன் பேச ஆரம்பித்தான். பட்டியலில் எத்தனை பேர் குறைகிறதோ அத்தனைக்குத் தன் வீட்டு ஆளைச் சேர்த்துவிடுவார்களோ என்ற பயத்தோடு பேசினான். அவனை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அட்டை ஆளாக அவனை விட்டுவைத்திருந்தால், சயாமுக்குப் போனவர்களுக்கு நடந்ததை அரைகுறையாகச் சொன்னவள் ஆகியிருப்பேன்.

இந்த மாதிரி ஆளோடு பழகும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். நாக்கு ஒட்டிக்கொள்ளும். கிராணியை எழுதிய வாரத்தில் கடையில் உதவிக்கு இருக்கும் பெண்ணை, பாபின் மாற்றத் தாமதித்ததற்காக "ஏய்" என்று கூப்பிட்டுவிட்டேன். அந்தப் பெண் அப்படியே பார்த்தாள். உடனே மன்னிப்புக் கேட்டேன். அதற்கப்புறம் அவனை எழுதி முடித்தால் முகம் கழுவிவிட்டு, யாராவது வேண்டியவரிடம் ஐந்து நிமிஷம் பேசிவிட்டுத்தான் அடுத்த வேலை. ராத்திரியில் கடைசியாக அவனை எழுதுவதில்லை. எழுத நேர்ந்தால், அப்புறம் அஞ்சலைக்கு நாலு வரியாவது எழுதிவிட்டுப் படுப்பேன்.

வீட்டில்

சாப்பாட்டு நேரத்தில் நோட்டு குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே போய்விடும். மகள் முதல் வேலையில் சேர்ந்த அன்று, நாள் முழுக்க நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தப்பான இடத்தில் "ம்" போட்டேன். "மா, இப்ப அஞ்சலைகூட இருக்கீங்களா, என்கூட இருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்று வைத்த சட்டம் அது. மற்றபடி வீட்டில் மறைக்காதீர்கள். அவள் பெயரை வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரர் இப்போது படகுத்துறையில் என்னை ஏற்றிக்கொள்ளும்போது, "இன்னிக்கு என்ன சொன்னா?" என்று கேட்பார். இருந்தால் சொல்வேன். இல்லையென்றால் அவர் நாளைப் பற்றிக் கேட்பேன்.

தெரிந்தவர்களை அப்படியே தூக்கிப் பாத்திரமாக்காதீர்கள். அஞ்சலையின் தோள் ஒருவருடையது, சிரிப்பு வேறொருவருடையது, நெத்திலியை ஒடிக்கும் விரல் என் பாட்டியுடையது. தோளுக்குச் சொந்தக்கார அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "தோள்தான, எடுத்துக்க" என்றார்.

முடிந்த பிறகு

கையெழுத்துப் பிரதியை அனுப்பிவிட்டால் அவர்கள் உடனே போய்விடுவார்கள் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. நாலு மணிக்கு வந்து கொக்கிப் பெட்டி பக்கத்தில் உட்காருவாள். கேட்க ஒன்றும் இல்லை, சொல்லவும் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் சங்கடம்.

அப்போது செய்ய வேண்டியது, கதையில் இல்லாத ஒரு நாளை அவளுக்குக் கொடுப்பது. நோட்டும் பேனாவும் எடுத்துப்போகக் கூடாது. நான் கடையை ஒருநாள் அடைத்தேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். வழியில் ஒரு கடையில் அப்பம் வாங்கினேன். படி ஏறும்போது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நடுவில் மூச்சு வாங்க நின்றபோது தூரத்தில் ஊரும் கடலும் தெரிந்தன. அவளும் பார்த்தாள். இறங்கி வரும்போது நான் மட்டும்தான் இறங்கினேன்.

மறுநாள் காலை கடை திறந்ததும் பொம்மையின் இடது தோளிலிருந்து மடித்த துணியை எடுத்தேன். ரவிக்கையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மேல்தட்டில் வைத்தேன். நாலு மணிக்குக் கொக்கி கட்ட உட்கார்ந்தேன். இரண்டு மாதம் யாரும் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை அளவு நோட்டில், சம்பான் என்ற சின்னப் படகு ஓட்டும் ஒரு சம்பான்காரருக்குக் கழுத்து அளவு மட்டும் எழுதியிருக்கிறேன், 15. அவரை யார் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று இன்னும் தெரியவில்லை.